வீட்டோடு தங்கி வேலை செய்யும் சின்னப் பெண்கள்: நாம் செய்யும் தவறுகள்

"எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான் வச்சிருக்கோம்." வீட்டோடு தங்கி வேலை செய்யும் சின்னப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் பல வீடுகளில் இந்தப் பதில்தான் வரும். சொல்கிறவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகின்றன. வீட்டுப் பெண்ணுக்குப் பசித்தால் அவளே ஃப்ரிட்ஜைத் திறப்பாள். உடம்பு முடியவில்லை என்றால் போய்ப் படுத்துக்கொள்வாள். வேலைக்கு வந்த பெண்ணால் இரண்டுமே முடியாது. அவளுக்கென்று ஓர் ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறாள். நம் வீட்டுக்கு அவள் வேலைக்குத்தான் வந்திருக்கிறாள். அதை முதலில் ஒப்புக்கொண்டால் சம்பளம், நேரம், லீவு எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேச வாய் வரும்.

வயதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 14 வயது நிரம்பாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10-லிருந்தே இந்தியாவில் குற்றம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் 14-க்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆக்கியது. தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "தூரத்துச் சொந்தம், படிக்க வைக்கத்தான் கூட்டிட்டு வந்தோம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது. குடும்பத்துக்கு உதவுவது என்று சட்டம் தரும் விலக்கு பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் என்ற வட்டத்தோடு முடிகிறது. அதுவும் பள்ளி நேரம் போக மீதியிலும் விடுமுறையிலும்தான்.

தரகர் "பதினெட்டு முடிஞ்சிடுச்சும்மா" என்று சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுவது அடுத்த தவறு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும். பார்த்துவிட்டு அந்த நிமிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆதார், சான்றிதழ் எதையும் "பத்திரமா இருக்கட்டும்" என்று நம் பீரோவில் வைக்கக் கூடாது. அவள் நினைத்தபோது கிளம்ப முடியாமல் போவதற்கு அதுவே போதும்.

சரி, வேலை நேரத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் எடுப்பதில் தொடங்கும் நாள், ராத்திரி விருந்தாளி சாப்பிட்டுப் போன பிறகு பாத்திரம் தேய்ப்பதில் முடிகிறது. நடுவில் அவள் கொஞ்ச நேரம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். "சும்மாதானே உக்காந்திருக்கா" என்பார்கள். குழந்தை அழுதால் எழ வேண்டும், காலிங் பெல் அடித்தால் ஓட வேண்டும் என்று காதை அங்கேயே வைத்திருப்பவள் சும்மா உட்காரவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்காக 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189-வது உடன்படிக்கை, இப்படிக் கூப்பிட்ட குரலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருதச் சொல்கிறது. வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றும், ஓய்வு நேரத்தில் அவர் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இந்தியா இதை ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நம் வீட்டில் இதைக் கடைப்பிடிக்க அரசின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணி நேரம் அவளுடையது, ராத்திரி எட்டுக்கு மேல் பாத்திரம் கிடந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம், ஞாயிறு முழுக்க அவளுடையது. இவ்வளவுதான். அந்த ஞாயிற்றில் "ஒரே ஒரு காபி மட்டும் போட்டுடு" என்று கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

பதினாறு, பதினேழு வயதுப் பெண் என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். கடைகளிலும் பட்டறைகளிலும் 14 முதல் 18 வயதுள்ளவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்கிறது சட்டம். மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு, இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நம் வீட்டுச் சமையலறையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்த வயதுப் பெண்ணை வீட்டோடு வேலைக்கு வைக்கவே கூடாது. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள்.

சம்பளத்தில் நடக்கும் தவறுகள் பல நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவை. "கையில கொடுத்தா அப்பன் குடிச்சிடுவான், கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கிறோம், போகும்போது மொத்தமா தருவோம்" என்பார்கள். அந்தப் 'போகும்போது' எப்போது என்று அவளுக்குத் தெரியாது, எவ்வளவு சேர்ந்தது என்று கேட்க வாய் வராது. 18 வயது நிரம்பாத ஒருவரின் சம்பளத்தைத் தராமல் நிறுத்தி வைப்பது, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 79-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, மாதாமாதம் அதில் போட்டுவிட்டு, ஏடிஎம் அட்டையை அவள் கையிலேயே கொடுங்கள். உடைந்த கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பிடித்தம் செய்யாதீர்கள். வீட்டில் நாம் உடைத்தால் யார் பிடிக்கிறார்கள்?

அப்புறம் அட்வான்ஸ். அப்பாவிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை மகள் வேலை செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் கொத்தடிமை முறை. 1976-லேயே ஒழிக்கப்பட்டது. செங்கல் சூளையில் இருந்தால் மட்டும்தான் அது கொத்தடிமை என்று நினைக்க வேண்டாம்.

தனி டம்ளர் பற்றி ஒரு வார்த்தை. டீக்கடையில் இரட்டைக் குவளை என்று செய்தி வந்தால் கொதித்துப் போகிறோம். சிங்க்குக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கும் அவளுடைய டம்ளரும் அதே குவளைதான். நம் தட்டை அவள் கழுவலாம், அதில் சாப்பிடக் கூடாதா? சாப்பாடு சூடாக இருக்கும்போதே அவளும் உட்கார்ந்து சாப்பிடட்டும். முந்தாநாள் குழம்பு அவளுக்கென்று ஒதுக்கப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் அவளை 'அக்கா' என்று கூப்பிடட்டும். நான்கு வயதுக் குழந்தை 'வாடி' என்றால் சிரித்துவிட்டு விடாதீர்கள், அங்கேயே திருத்துங்கள்.

அவள் எங்கே படுக்கிறாள் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஹாலிலோ சமையலறைத் தரையிலோ பாய் போட்டுப் படுப்பவளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு அவளுக்கு வேண்டும், குளியலறைக்கும் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் உள்ளூர்க் குழுவில் அவள் புகார் தரலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்ணை அவள் போனில் நாமே போட்டுக் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அந்த போனை வாங்கி வைப்பதும், அம்மாவோடு பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்வதும் வேண்டாம்.

18 முடிந்தவளை, தமிழ்நாட்டில் 2007-இல் அமைக்கப்பட்ட வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். அரைநாள் லீவும் ஆவணங்களை எடுத்துப் போக ஒரு துணையும் கிடைத்தால் அவளால் முடித்துவிட முடியும்.

எனக்கு 12 வயது இருக்கும்போது உறவுக்காரர் வீட்டில் ஒரு ஜோடி ஜிமிக்கி காணாமல் போனது. யாரும் யோசிக்கவே இல்லை, நேராக அங்கே வேலை செய்த பெண்ணைத்தான் கேட்டார்கள். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். துணிப்பையைத் தரையில் கொட்டச் சொன்னார்கள். இரண்டு தாவணி, ஒரு சீப்பு, பவுடர் டப்பா. நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாளே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜிமிக்கி நான்கு நாள் கழித்துத் தலையணை உறைக்குள் கிடைத்தது. அதைச் சொல்ல அவள் ஊருக்கு யாரும் போகவில்லை.

அதனால் நகை, பணம் என்று எது காணவில்லை என்றாலும் முதலில் வீடு முழுக்கத் தேடுங்கள், ஒருநாள் பொறுத்து மறுபடியும் தேடுங்கள். அவள் பையைத் தொடாதீர்கள். அவள் வேலையை விட்டுப் போகும்போதும் அப்படித்தான். கணக்கு முடித்து, பாக்கிச் சம்பளமும் பஸ் செலவுக்குப் பணமும் கொடுத்து, பகலில் அனுப்பி வையுங்கள். பையைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள்.