வீட்டில் இஞ்சி பீர்: பாட்டிலில் அடைக்கும்போது கவனம்

போன ஏப்ரலில் ஒரு மதியம், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் இருந்த இஞ்சி பீர் பாட்டில் வெடித்தது. சதுரமான, அழகுக் கண்ணாடி பாட்டில். ஒரு சில்லு எதிரே இருந்த அரிசி டப்பாவின் மூடியில் குத்தி நின்றது. அரை மணி நேரத்துக்கு முன் என் மகள் அங்கேதான் நின்று தண்ணீர் குடித்தாள். வீட்டில் செய்த பீர் ஆபத்தா என்று கேட்கிறவர்கள் விஷத்தை நினைத்துத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பாட்டிலைப் பற்றிச் சொல்வேன்.

முளைகட்டிய பார்லியில் (மால்ட்) செய்யும் பீரின் செய்முறை இங்கே இல்லை. கர்நாடகத்தில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1965-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். இது குறைந்த நேரம் புளிக்கவிட்டு, உடனே குளிரவைத்துக் குடிக்கும் இஞ்சி பானம்.

முதலில் உறை. தயிருக்கு இருப்பதுபோல இதற்கும் ஒன்று வேண்டும். தோல் சீவாத நாட்டு இஞ்சியைக் கழுவித் துருவுங்கள். சர்க்கரையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் தோலில்தான் இருக்கிறது. 2 டீஸ்பூன் இஞ்சி, 2 டீஸ்பூன் சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கொதிக்கவைத்து ஆறவைத்ததை ஊற்றுங்கள். துணி கட்டி வைத்து, தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறினால் ஐந்தாறு நாளில் நுரைக்கும்.

பானத்துக்கு 100 கிராம் இஞ்சியைத் தட்டிப்போட்டு, 150 கிராம் சர்க்கரையோடு 2 லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். நன்றாக ஆறட்டும், சூட்டில் உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். அப்புறம் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு டம்ளர் வடிகட்டிய உறை. எலுமிச்சையைச் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள், அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது.

இனி பாட்டில். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 75 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது முழுக்கப் புளித்தால் 18 லிட்டர் அளவுக்கு வாயு வரும். சாதாரண பீரில் ஒரு லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயுதான் கரைந்திருக்கிறது. அதாவது பத்து கிராம் சர்க்கரை புளித்தாலே நமக்கு வேண்டிய நுரை வந்துவிடும்; மிச்சமெல்லாம் பாட்டிலை உடைக்கக் காத்திருக்கிறது. நான் டிசம்பரில் மூன்று நாள் வெளியே வைத்தேன், சரியாக வந்தது. அதே மூன்று நாளை ஏப்ரலிலும் வைத்தேன். வெயில் ஏறினால் ஈஸ்டின் வேகமும் ஏறும் என்பது தோசை மாவு அரைக்கிற வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அதை இங்கே யோசிக்கவில்லை.

அதனால் நாட்களை எண்ணாதீர்கள், பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். கூல்டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் என் தேர்வு. அது சோடா அழுத்தத்துக்காகவே செய்தது. மினரல் வாட்டர் பாட்டில் மெல்லியது, வேண்டாம். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு அங்குலம் விட்டு மூடுங்கள். காலையும் மாலையும் அமுக்குங்கள். விரல் உள்ளே போகாமல் கல்லாக இருந்தால் உடனே ஃபிரிட்ஜில். ஏப்ரலில் எனக்கு ஒரே நாளில் ஆகிவிடுகிறது. கண்ணாடிதான் வேண்டுமென்றால், கம்பிப் பூட்டு வைத்த, கனமான, உருண்டை பாட்டில் மட்டும். சதுர பாட்டிலின் மூலைகள் அழுத்தம் தாங்காது. கண்ணாடியில் எத்தனை ஊற்றினாலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் கூடவே நிரப்பி வையுங்கள். அமுக்கிப் பார்க்க அது ஒன்றுதான் வழி.

சரி, விஷம்? கள்ளக்குறிச்சி செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா போனில் பதறினார். 2024 ஜூனில் அங்கே 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த சாராயத்தால். சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைத்தால் வருவது எத்தனால், அதாவது பீரிலும் ஒயினிலும் இருக்கும் போதை தரும் ஆல்கஹால். மெத்தனால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இதில் உண்டாகாது. ஆனால் எத்தனால் உண்டு. இந்தச் சர்க்கரை முழுக்கப் புளித்தால் 4 சதவீதத்துக்கு மேல் போகும். சீக்கிரம் குளிரவைத்தாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். என் மகளுக்கு நான் எலுமிச்சை சோடாதான் கலந்து தருகிறேன்.

பின்சேர்க்கை: உறையின் மேல் வெள்ளையாகப் படிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். தட்டையான மெல்லிய ஆடை ஒருவகை ஈஸ்ட். பஞ்சுபோல, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூசணம். மேலே எடுத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், மொத்தமாகக் கொட்டுங்கள். வித்தியாசம் பிடிபடும்வரை இரண்டையுமே கொட்டுவது நல்லது.

இன்னொருவர் ஃபிரிட்ஜில் மூன்று வாரம் மறந்துவிட்டு, திறந்ததும் கூரைவரை அடித்ததாகச் சொன்னார். குளிரில் ஈஸ்ட் மெதுவாகும், நிற்காது. ஒரு வாரத்தில் குடித்துவிடுங்கள். திறக்கும்போது கனமான துண்டைச் சுற்றி, சிங்க்கில் வைத்து, மூடியை முகத்துக்கு நேராக வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.