பிசிபி வடிவமைப்பு: தொடக்க வகுப்பு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சுற்றுப் பலகையை, அதாவது பிசிபியை, வடிவமைக்கச் சொல்லித்தரும் வகுப்புகள் பலவும் பாடத்திட்டம் எழுதும்போதே தடம் புரண்டுவிடுகின்றன. கற்பிப்பவர் தமக்குப் பழகிய மென்பொருளைத் திறந்து, அதன் மெனு வரிசையையே பாட வரிசையாக எழுதிக்கொள்வதுதான் காரணம். கீகேட் இலவசமாகக் கிடைக்கும் நல்ல மென்பொருள். ஆனால் அதன் பொத்தான்களை இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கடைசிவரை ஒரு பலகையும் கைக்கு வராது. எந்தப் பலகையைச் செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குத் தேவைப்படும் கருவிகளை மட்டும், தேவைப்படும் இடத்தில் காட்டினால் போதும்.

பலகையைத் தேர்ந்தெடுப்பதில் ஆசை மிகுந்துவிடுவது அடுத்த தவறு. மைக்ரோகன்ட்ரோலரும் யுஎஸ்பி இணைப்பும் கொண்ட பலகை பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். முதல் வகுப்புக்கு அது சுமை. 1972 முதல் விற்பனையில் இருக்கும் 555 டைமர் ஐசியை (நேரத்தைக் கணிக்கும் சில்லை) கொண்டு ஓர் எல்இடியை மின்ன வைக்கும் சுற்றே போதுமானது. 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருந்தால் விளக்கு ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்னும். இரண்டு டிரான்சிஸ்டர்களால் ஆன மின்னும் சுற்று இதைவிட எளிது என்று தோன்றலாம். ஆனால் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி 547 என்ற டிரான்சிஸ்டரின் கால்கள் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், 2என் 3904 என்ற டிரான்சிஸ்டரின் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும் அமைந்திருக்கும். கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றை வாங்கி வந்தால், வரைபடம் சரியாக இருந்தும் பலகை வேலை செய்யாது. காரணத்தைத் தேடுவதிலேயே வகுப்பு கழிந்துவிடும்.

பாகங்களை வாங்குவதற்கு முன்பே ஃபுட்பிரிண்டை, அதாவது பாகம் பலகையில் உட்காரும் இடத்தின் துளை அமைப்பை, தீர்மானித்துவிடுவது, என் அனுபவத்தில், எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது. நான் நடத்திய முதல் வகுப்பில் மின்சார இணைப்புக்கான பின்களுக்கு 0.8 மில்லிமீட்டர் துளை வைத்திருந்தேன். பின்னின் பக்கம் 0.64 மில்லிமீட்டர்தானே என்ற தைரியம். அது சதுரப் பின் என்பதையும், அதன் மூலைவிட்டம் 0.9 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும் என்பதையும் யோசிக்கவில்லை. பலகைகள் அச்சாகி வந்த நாளில், மாணவர்கள் ஆளுக்கொரு அரத்தை வைத்துக்கொண்டு பின்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பாகங்களை முதலில் மேசையில் பரப்பிவிட்டு, வடிவமைப்பை 1:1 அளவில் தாளில் அச்சிட்டு, அதைத் தெர்மோகோல் மீது வைத்து ஒவ்வொரு பாகத்தின் காலையும் குத்திப் பார்க்கச் சொல்கிறேன். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறி, சோதனையே பொய்யாகிவிடும்.

மென்பொருள் செய்யும் விதிச் சோதனைகளின் பிழைச் செய்திகளை விளக்காமல் 'அதைக் கண்டுகொள்ளாதீர்கள்' என்று கடந்துபோவதும் தவறு. கீகேட்டில் முதன்முறை சுற்றுச் சோதனையை ஓட்டுபவர் பெரும்பாலும், மின்சாரம் பெறும் காலுக்கு மின்சாரம் கொடுப்பவர் யாரும் இல்லை என்ற புகாரைச் சந்திப்பார். வெளியிலிருந்து பேட்டரியைச் செருகும் இணைப்பியை மென்பொருள் மின்மூலமாகக் கருதுவதில்லை என்பதும், 'பவர் ஃபிளாக்' என்ற குறியீட்டை அந்தக் கம்பியில் வைத்தால் புகார் நீங்கும் என்பதும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியவை. அதைச் சொல்லாமல் விட்டால், எந்தப் பிழையைப் பொருட்படுத்த வேண்டும், எதை விடலாம் என்பதை மாணவர் ஒருபோதும் கற்க மாட்டார்.

கணினி ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்தான். கீகேட்டை நிறுவும் கோப்பு 1 ஜிபியைத் தாண்டும் என்பதால் முந்தைய நாளே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. மவுஸ் கொண்டுவரச் சொல்வதும் அவசியம், ஏனெனில் டச்பேடில் டிராக், அதாவது செம்புப் பாதை, இழுப்பது தண்டனை.

வடிவமைப்பு, தயாரிப்பு, பற்றவைப்பு மூன்றையும் ஒரே நாளில் அடைக்க முயல்வதைவிட, இரண்டு அமர்வுகளாகப் பிரித்து, இடையில் பலகை தொழிற்சாலைக்குப் போய்வரக் காலம் விடுவது நல்லது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரின் கெர்பர் கோப்பையும் (பலகையின் அடுக்குகளைத் தொழிற்சாலைக்குச் சொல்லும் கோப்பு) துளைக் கோப்பையும் வியூவரில் திறந்து பார்ப்பது ஆசிரியரின் வேலை. பலகையின் வெளிக்கோடு மூடாமல் இருப்பதும், துளைக் கோப்பே விடுபட்டிருப்பதும் அங்கேதான் தெரியவரும். இரண்டாம் அமர்வுக்கு ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் 8 கால் சாக்கெட் கொடுங்கள். அப்படியும் ஒருவராவது ஐசியைத் தலைகீழாகச் செருகி 9 வோல்ட் கொடுத்துவிடுவார். அவருக்காக நான்கைந்து 555 கூடுதலாக வாங்கி வைத்திருங்கள்.