குருளையர் கூட்டத்துக்கு அப்படியே எடுத்துப்போக நான்கு திட்டங்கள்

சனிக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், மூன்றரை மணிக்கு நீங்கள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து "இன்னைக்கு என்ன செய்யலாம்" என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வாரம் முழுக்க வேலை, வீடு, அதற்கு மேல் இந்தச் சாரணப் பணி, அதுவும் சம்பளமில்லாமல். அதனால்தான் என் கோப்பிலிருந்து நான்கு கூட்டங்களை இங்கே தருகிறேன். எல்லாம் குருளையருக்கானவை, அதாவது பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. பல தடவை நடத்திப் பார்த்தவை. நீங்கள் எடுத்துப்போய் நடத்தலாம்.

எழுதி வைத்த திட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் குழுவில் ஒரு பையன் ஓட்ட விளையாட்டு என்றாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். மூன்று வாரம் அது எனக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் என் மனசு முழுக்க "அடுத்து என்ன" என்பதிலேயே இருந்தது. நான்காவது வாரம் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன், கை சும்மா இருந்தது, அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் ஷூவின் அடிப்பகுதி பாதி வரை பிளந்து, ரப்பர் பேண்டு இரண்டு போட்டுக் கட்டியிருந்தான். ஓடினால் அவிழ்ந்துவிடும். அன்றைக்குத் தரையில் கண்ணாடித் துண்டு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, எல்லாரையும் வெறுங்காலில் ஆடச் சொன்னேன். அவன்தான் முதலில் ஓடினான். திட்டம் கையில் இருந்தால் கண் பிள்ளைகள்மேல் இருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

முதலில் எலும்புக்கூடு. ஒன்றரை மணி நேரக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவுடன் ஒரு விளையாட்டு 10 நிமிடம் (இது முக்கியம், முன்னாடி வந்த பிள்ளை சும்மா நின்றால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்). கொடி, பிரார்த்தனை, கிராண்ட் ஹவுல் (குருளையர் வட்டமாக நின்று சேர்ந்து போடும் வணக்க முழக்கம்), வருகைப் பதிவு, நகம் கைக்குட்டை பார்ப்பது, எல்லாம் சேர்த்து 10. ஓட்ட விளையாட்டு 10. அன்றைய முக்கியப் பாடம் 20, அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். மறுபடி விளையாட்டு 10. கைவேலை அல்லது இரண்டாவது பாடம் 15. கதை 10. முடிவு, கொடி இறக்கம் 5. இந்த வரிசையை மாற்றாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் வாரா வாரம் மாற்றுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அமைதி வரும்.

விளையாட்டை எப்போது நிறுத்துவது? "மிஸ், இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று கத்தும்போதே நிறுத்துங்கள். சலித்துப்போகிற வரை ஆடவிட்டால் அடுத்த வாரம் அந்த விளையாட்டின் பெயரைச் சொன்னாலே முகம் சுருங்கும். புதுசாகத் தேடி அலையவும் வேண்டாம், கல்லா மண்ணா, நொண்டி, குலைகுலையா முந்திரிக்கா, கோ-கோ என்று நம்மிடமே இருக்கிறது. இன்று பாதிப் பிள்ளைகளுக்கு இவை புதுசுதான்.

முதல் திட்டம்: ஒரே ஒரு முடிச்சு

ரீஃப் நாட் மட்டும். ஒரே நாளில் மூன்று முடிச்சு சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. பருத்திக் கயிறாக வாங்குங்கள், நைலான் வழுக்கும். பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது அவனுக்கு இடதாகத் தெரியும், பாதிக் குழப்பம் அங்கேதான் வருகிறது.

சொல்லவேண்டியது ஒரு வரிதான்: வலதை இடதின் மேல் போட்டு அடியில் விடு, இப்போது இடதை வலதின் மேல் போட்டு அடியில் விடு. கை செய்யும்போது வாயும் சொல்லவேண்டும். முடித்ததும் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு வளையம் ஒன்றுக்குள் ஒன்று படுத்திருக்க வேண்டும், சிவப்புக் கயிற்றின் இரண்டு பகுதியும் ஒட்டி ஒரே பக்கமாக வெளியே வரவேண்டும். தட்டையாகப் படுக்காமல் குறுக்கே திருகிக்கொண்டு நின்றால் இரண்டாவது தடவையும் வலதையே மேலே போட்டிருக்கிறான். திட்டாமல், "எது மேலே போச்சு, நீயே பாரு" என்று கேளுங்கள். தானே கண்டுபிடித்த பிள்ளை அதை மறப்பதில்லை.

எதற்கு இந்த முடிச்சு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தட்டையாக இருப்பதால் காயக் கட்டில் உறுத்தாது, சுலபமாக அவிழும். அதே காரணத்தால் பாரம் தாங்கும் இடத்தில் ஆகவே ஆகாது. இரண்டு கயிற்றை இப்படி இணைத்து மரத்தில் ஊஞ்சல் கட்டுவது ஆபத்து. இதைச் சொல்லாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பிறகு விளையாட்டு: ஒவ்வொரு சிக்ஸுக்கும், அதாவது ஆறு பேர் குழுவுக்கும், ஒரு கட்டு பழைய செய்தித்தாள். நான்கு பக்கமும் கயிறு சுற்றி ரீஃப் நாட் போட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவிழாமல் வந்த குழு வெற்றி. வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், கொடுத்தால் முடிச்சைப் பார்க்க மாட்டார்கள்.

கதைக்கு 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாம். பெரிய பணக்காரப் பள்ளிகளில் படித்த பையன்களையும் உழைக்கிற வீட்டுப் பையன்களையும் ஒரே கூடாரத்தில் தங்க வைத்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சாதாரண விஷயமில்லை. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி உடனே புரியும், ஏன் புரிகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது திட்டம்: சுட்டால், ரத்தம் வந்தால், யாரைக் கூப்பிடுவது

எனக்கு ரொம்பப் பிடித்த கூட்டம் இது. ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: "வீட்டில் கையைச் சுட்டுக்கொண்டால் என்ன போடுவார்கள்?" பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், உப்பு, வெண்ணெய் என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், யார் வீட்டையும் குறை சொல்லாதீர்கள். அப்புறம் ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை. ஒரு பிள்ளை கையை நீட்ட, இன்னொரு பிள்ளை தொடர்ந்து ஊற்ற வேண்டும். நிஜமாகச் சுட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. 20 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆகவே கூட்டத்தின் நடுவில் கடிகாரத்தைக் காட்டி, "இப்போ குழாயைத் திறந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, 20 நிமிடம் கழித்து "இப்போ மூடு" என்று சொல்லுங்கள். வாளியைத் தூக்கி வைத்த பிறகும் நேரம் மட்டும் ஓடட்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்கச் சொல்வது நம் ஊரில் வழக்கம். அது தவறு, ரத்தம் தொண்டைக்குள் போகும். உட்கார்ந்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடவேண்டும். எல்லாரையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லி அந்த மூக்கடைத்த குரலில் பெயர் சொல்லச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது 108க்குப் பேசுவது. நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுமுனையில் பேசுகிறவராக இருங்கள். முதல் தடவை நான் இதைச் செய்தபோது ஏழு வயதுப் பெண் ஒருத்தி, "எங்க வீட்டுக்கு வாங்க, பாட்டி விழுந்துட்டாங்க" என்றாள். வீடு எங்கே என்று கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். மற்ற பிள்ளைகளைக் கேட்டேன், தெருப் பெயர் சொன்னவர்கள் நாலே பேர். அதிலிருந்து இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுப்பாடம் சேர்த்திருக்கிறேன்: வீட்டு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ கடையோ ஒன்று, இதை மனப்பாடமாகச் சொல்லிக்காட்ட வேண்டும். மறுமுனையில் இருப்பவர் சொல்கிற வரை போனை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள். பழகும்போது நிஜமாக அந்த எண்ணை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு பிசகக் கூடாது, குறிப்பாக உப்பு.

மூன்றாவது திட்டம்: வெளியே

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கிற தயார்த் திட்டங்களில் நிறைய இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. பல நல்லவைதான், ஆனால் திசை கண்டுபிடிக்கும் பகுதியை அப்படியே எடுத்தால் நம் ஊரில் ஏமாந்துபோவீர்கள். கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்து, அதற்கும் 12க்கும் நடுவில் தெற்கு என்று போட்டிருப்பார்கள். சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போகிற ஊருக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கம் நிற்கும். கடிகாரம் தலைகீழாகக் காட்டும். துருவ நட்சத்திரமும் அப்படியே. சென்னையில் அது அடிவானத்துக்கு 13 டிகிரி மேலே, கன்னியாகுமரியில் 8 டிகிரிதான், ஒரு தென்னை மரமோ மாடி வீடோ போதும் மறைக்க.

நமக்கு நிழல் குச்சி. ஞாயிறு காலை பத்தரை மணிவாக்கில் சமதரையில் மூன்றடிக் குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல். அரை மணி நேரம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. நண்பகலை ஒட்டிச் செய்தால் கோடு சரியாக வரும், காலை மாலையில் கொஞ்சம் சாயும். காத்திருக்கிற அரை மணியில் சும்மா இருக்க வேண்டாம், இலை சேகரிக்கலாம்.

நான்கு மரம் போதும்: வேம்பு, புங்கம், அரசு, பூவரசு. அரசுக்கும் பூவரசுக்கும் இலை இதய வடிவம்தான், அரசுக்கு நுனி வால்போல நீளும். காகிதத்தின் அடியில் இலையைத் தலைகீழாக வைத்து மேலே கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு முழுக்க எழும்பி வரும். மிச்சமான பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. சத்தம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மர நிழலில் உட்கார்ந்து சொல்ல நம் ஊர்க் கதை இருக்கிறது. 1909ல் பெங்களூரில் சாரணர் குழு தொடங்கியபோது அதில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். பல அமைப்புகளாகப் பிரிந்து கிடந்தவை 1950ல் ஒன்றுசேர்ந்துதான் இன்றைய பாரத சாரணர் இயக்கம் ஆனது, மறு வருடம் சாரணியரும் இணைந்தார்கள். இதைக் கேட்டதும் கழுத்தில் கட்டியிருக்கும் ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு.

நான்காவது திட்டம்: மழை நாளுக்கு

ஐப்பசி கார்த்திகையில் இது எப்போதும் பையில் இருக்கட்டும். வகுப்பறை அல்லது தாழ்வாரம் போதும். தட்டில் 12 பொருள், பெரிய பிள்ளைகளுக்கு 24. ஊக்கு, புளியங்கொட்டை, பஸ் டிக்கெட், சாவி, கொட்டாங்குச்சி என்று எதுவும். ஒரு நிமிடம் பார்க்கவிட்டுத் துண்டால் மூடி, சிக்ஸாகச் சேர்ந்து நினைவுகூர்ந்து எழுத வேண்டும். தனித்தனியாக எழுதச் சொல்லாதீர்கள், எழுத்துத் தடுமாறும் பிள்ளை அங்கேயே ஒடுங்கிவிடும். அடுத்த சுற்று கண்ணைக் கட்டி மூக்கால்: ஏலக்காய், சீரகம், காப்பித்தூள், பெருங்காயம், ஓமம், ஒவ்வொன்றும் சின்ன டப்பாவில். தூள் மிளகும் மிளகாயும் வேண்டாம். ஏதாவது ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

நான்கு திட்டத்துக்கும் பொதுவான ஒன்று: எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் நிலை வரவே கூடாது, கடைசிப் பிள்ளையை வீட்டார் அழைத்துப்போகும் வரை இருவரும் இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை என்பவர்கள் வாசலில் காத்திருக்கும் பெற்றோரைப் பாருங்கள். "உதவிக்கு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "அக்கா, இந்தக் கயிறையெல்லாம் நிறம் பிரிச்சுக் குடுக்கறீங்களா" என்று ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். அடுத்த வாரம் அவரே கேட்டு வருவார். என் குழுவில் இப்போது கதை சொல்கிறவர் அப்படி வந்தவர்தான். திட்டத்தை அவர் படித்தாலே நடத்த முடிகிற மாதிரி எழுதுங்கள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் கூட்டம் நிற்காது.

கூட்டம் முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன், தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நடக்காது. என் முடிச்சுத் திட்டத்தின் பின்பக்கம் போன தடவை எழுதியது இது: "கயிறு நாலு குறைவு. செய்தித்தாள் கட்டு சின்னவர்களுக்குக் கனம், பாதியாக்கு. வெள்ளை சிக்ஸில் புதுசாக வந்த பெண் இடது கைக்காரி, வரியை அவளுக்கு மாற்றிச் சொல்."