இரவில் மட்டும் வந்த சிஆர்சி பிழை

வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சீரியல் கேபிளில் லினக்ஸ் கணினியோடு இணைத்திருந்தேன். நொடிக்கு ஒரு தரவுப் பொட்டலம், 8 பைட், கடைசி இரண்டும் சிஆர்சி, அதாவது தரவு கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவானால் சிஆர்சி பிழை வரிசையாகக் கொட்டும்.

இரைச்சல்தான் என்று முடிவு கட்டினேன். கவசம் போட்ட கேபிள் மாற்றினேன். கிரவுண்டைச் சரிபார்த்தேன். வேகத்தை நொடிக்கு 115200 பிட்டிலிருந்து 9600-க்குக் குறைத்தேன். மூன்று நாள் போனதுதான் மிச்சம். பிழை வந்தால் 'மறுபடி அனுப்பு' என்று கேட்கும் நிரலும் எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

அப்புறம்தான் வந்த பைட்டுகளை அப்படியே கோப்பில் பதிந்து பார்த்தேன். கெட்ட பொட்டலங்களில் 7 பைட்தான் இருந்தது. இரைச்சல் பிட்டைப் புரட்டும். ஒரு முழு பைட்டை இவ்வளவு சுத்தமாக உருவாது. காணாமல் போனது எப்போதும் வெப்பநிலை பைட். அறை 19 டிகிரிக்கு இறங்கும்போது மட்டும்.

சீரியல் தொடர்பில் 19 என்ற பைட்டுக்கு எக்ஸ்ஆஃப் என்று பெயர், 'அனுப்புவதை நிறுத்து' என்று பொருள். 17 எக்ஸ்ஆன், 'தொடர்ந்து அனுப்பு'. இந்த பைட்டுகளைப் பார்த்து அனுப்புதலை நிறுத்தித் தொடரும் மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருந்ததால், 19-ஐ 'நிறுத்து' என்ற கட்டளையாக எடுத்து லினக்ஸின் சீரியல் டிரைவர் விழுங்கிவிட்டது. கூடவே என் பக்க அனுப்புதலும் நின்றது. மறுபடி கேட்ட கோரிக்கை வெளியே போகவே இல்லை!

போர்ட்டைத் திறந்ததும் சிஎஃப்மேக்ரா (cfmakeraw) அழைப்பைச் சேர்த்தேன், ஒரே வரி. பைட்டுகளில் கை வைக்காமல் வந்தபடியே தரச் சொல்லும் அமைப்பு அது. ஓட்டக் கட்டுப்பாட்டோடு, 13 என்ற பைட்டை 10 ஆக (வரி முடிவுக் குறியாக) மாற்றும் அமைப்பையும் அது சேர்த்தே அணைத்துவிடும். பழைய கேபிளையே திரும்ப மாட்டி, வேகத்தையும் 115200-க்கே ஏற்றிவிட்டேன். இரண்டு இரவாக ஒரு பிழைகூட இல்லை.