பாறை மேல் கடக்கால்: வீடு கட்டுமுன்

வேலூர், காட்பாடி பக்கம் மலையடிவார மனைகளில் இரண்டடி தோண்டினாலே பாறை தட்டுவதுண்டு. "பாறைதானே, அப்படியே எழுப்பிடலாம்" என்று மேஸ்திரி சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். அது பரந்து கிடக்கும் ஒரே பாறையா, மண்ணில் புதைந்த குண்டுக்கல்லா? சம்மட்டியால் தட்டுங்கள். 'ணங்' என்றால் கெட்டி. 'பொத்'தென்றால் உளுத்தது, இல்லை அடியில் வெற்றிடம். சந்தேகமிருந்தால் ஐந்தடி துளைபோட்டுப் பாருங்கள்.

கடப்பாரைக்கு உதிர்வதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பாறை சரிந்திருந்தால் படிபோல மட்டமாக வெட்டுங்கள். சரிவிலேயே கான்கிரீட் போட்டால் வழுக்கும். வெடி வேண்டாம். அனுமதி வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரும் விரியும். பாறை உடைக்கும் பிரேக்கர் இயந்திரம் போதும்.

தூசி போகக் கழுவி, 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில் மட்டம் செய்யுங்கள். சரிவான இடத்தில் தூணுக்கு நான்கு 16 மி.மீ. கம்பி, பாறையில் கம்பியைவிட அகலமான துளை, ஓரடி ஆழம், துளையை நிரப்பச் சுருங்காத கிரவுட் கலவை. துளைக்குள் தூசி தங்கினால் கம்பி கையோடு வந்துவிடும். ஊதி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், இதில்தான் ஏமாற்றுவார்கள்.

பெரிய வம்பு, வீட்டில் பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் நிற்பது. மண் பக்கம் இறங்கும், பாறை பக்கம் அசையாது. சேருமிடத்தில் சுவர் சாய்வாக வெடிக்கும். மண் பக்கத் தூண்களையும் பாறை வரை இறக்குங்கள். ரொம்ப ஆழமென்றால் கட்டடத்தையே இரண்டாகப் பிரித்து 25 மி.மீ. இடைவெளி விடுவதுதான் வழி. அதைப் பொறியாளர் வரையட்டும்.

கழிவுநீர்க் குழாய்க்கான பள்ளத்தையும் பிரேக்கர் மனையில் இருக்கும்போதே வெட்டிவிடுங்கள்.