சைக்கிள் பையில் என்னென்ன வேண்டும்: முள்ளுக் காட்டுக்கு ஒரு செய்முறை

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் தார் ரோட்டை விட்டு ஓரம் இறங்கினால் போதும், உடைமுள்ளோ சீமைக்கருவேல முள்ளோ நெருஞ்சியோ டயரைப் பதம் பார்த்துவிடும். எனவே பையை முள்ளுக்காகக் கட்டுங்கள். பதினெட்டு வேலை பார்க்கும் மல்டிடூல் அப்புறம் வரட்டும்.

முதலில் போட வேண்டியவை: புது டியூப் 1, பேட்ச் 6, சின்ன சொல்யூஷன் (பேட்ச் ஒட்டும் பசை) 2, உப்புத்தாள் ஒரு துண்டு, டயரை நெம்பிக் கழற்ற லீவர் 2, கைப்பம்பு, சின்னக் குறடு, பழைய பருத்தித் துணி. டியூப் வாங்குமுன் டயர் ஓரத்தில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். 26 × 1⅜, 26 × 1.95 இரண்டுமே கடையில் ‘இருபத்தாறு’தான், ஆனால் ரிம் ஒன்றுக்கு 590 மி.மீ., மற்றதற்கு 559. மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது.

சக்கரம் நட்டில் நிற்கும் வண்டியா? ஸ்பேனர் பெரும்பாலும் 15 மி.மீ., முன் நட்டு வேறாக இருக்கலாம். வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள். ஆலன் கீ (அறுகோணச் சாவி) 4, 5, 6 மி.மீ. போதும்.

பழைய மாடல் வால்வு என்றால் ஒரு விரல் நீளம் வால்டியூப் (வால்வுத் தண்டில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) போடுங்கள். காற்று இறங்கினால் முதலில் வால்வு வாயில் எச்சில் தடவுங்கள். குமிழ் வந்தால் வால்டியூப்தான் போயிருக்கிறது. டயரைக் கழற்ற வேண்டாம்.

குமிழ் வரவில்லையா, டியூப்பை உருவிக் காற்றடியுங்கள். ஆடிக் காற்றில் ‘உஸ்’ காதில் விழாது. உதட்டருகே பிடித்து மெல்லச் சுற்றினால் ஓட்டை இருக்குமிடம் சில்லென்று படும். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிற மாதம் என்றால் முக்கிப் பார்த்துவிடலாம். பிறகு நன்றாகத் துடைக்க வேண்டும்.

ஓட்டையைச் சுற்றி, பேட்ச்சைவிட அகலமாக, பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி 5 நிமிடம் சும்மா இருங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்: ஈரத்தோடு ஒட்டிய பேட்ச் அடுத்த ஊருக்குள் கழன்றுவிடும். வாயால் ஊதவும் கூடாது. மினுமினுப்பு மங்கியதும் பேட்ச்சை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் காற்றுக் குறைவில் ரிம் கடித்திருக்கிறது. ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் நுனியையும் அதை மூடும் ரிம் டேப்பையும் பாருங்கள்.

டியூப்பைத் திரும்பப் போடுமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள், விரலால் வேண்டாம். நூல் மாட்டும் இடத்தில் ஒடிந்த முள் நிற்கும். குறடால் பிடுங்குங்கள். அதை விட்டுவிட்டால் புது டியூப்பும் போச்சு.

டியூப்பில் கொஞ்சம் காற்று வைத்து மாட்டுங்கள். டயரின் கடைசிச் சாணைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். லீவர் டியூப்பை நசுக்கிவிடும்.

திறந்த சொல்யூஷன் மூடி போட்டாலும் உள்ளே காய்ந்துவிடும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். இரண்டாவதன் மூக்கை வழியில் தேவைப்படும்வரை குத்தாதீர்கள்.