நார்ச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் மெதுவாக

வயிறு சரியில்லை என்று யார் சொன்னாலும், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அந்தப் பதிலில் நார்ச்சத்தே இருக்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்காக ஒரே நாளில் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றிவிடாதீர்கள். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். இரண்டே நாளில் வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்.

நான் கொண்டைக்கடலையில்தான் தொடங்கச் சொல்வேன். வேகவைத்தது அரை கப்பில் சுமார் 6 கிராம் நார் இருக்கிறது. இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் மாவாக மசிய வேண்டும், அரைவேக்காடாக இறக்காதீர்கள். வாயுத் தொல்லை குறையும்.

ஆப்பிளைத் தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள். ஜூஸ் வேண்டாம், வடிகட்டும்போது நாரெல்லாம் சக்கையோடு போய்விடும்.

தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள். இல்லாவிட்டால் மலம் இன்னும் இறுகும்.

மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ சாப்பாட்டில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.